வண்டு சின்னதா வந்தா முட்டை குறையுமா? – வாசகர் கேள்வி பதில்

மாவுப்பூச்சிக்கு அத திங்கிற கிரிப்டோலேமஸ்ங்கிற பொறிவண்ட (சுருக்கமா கிரிப்டோ) விடுறத பத்தி முன்னாடி எழுதியிருந்தேன்ல, அதுக்கு வந்த கேள்விகள்ல நிறைய ஒரே விஷயத்த சுத்தித்தான் இருக்கு: வண்டோட சைஸ். வளக்குறவங்களும் கேக்குறாங்க, வாங்குறவங்களும் கேக்குறாங்க. அதனால இந்த தடவை பகுதி முழுக்க அதுக்கே குடுத்துடுறேன்.

கேள்வி: மேடம், கம்பம் பக்கம் பன்னீர் திராட்சை போட்டிருக்கேன். மாவுப்பூச்சிக்கு கிரிப்டோ வண்டு வாங்கி விட்டேன். முதல் தடவை வந்த வண்டு நல்லா உருண்டையா இருந்துச்சு, ரெண்டாவது தடவை வந்தது கண்ணுக்கே தெரியுற அளவுக்கு சின்னது. கேட்டா "தோட்டத்துல விட்டா தின்னு வளந்துரும்"னு சொல்றாங்க. நெசமாவே வளருமா?
– திராட்சை விவசாயி, தேனி மாவட்டம்

வளராதுங்க. இத முதல்லயே தெளிவா சொல்லிடுறேன், ஏன்னா இந்த பதிலை நம்பி நிறைய பேர் காசு போட்டுட்டு இருக்காங்க.

பொறிவண்டுக்கு முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டுன்னு நாலு பருவம். வளர்ச்சி மொத்தமும் புழுப் பருவத்துலதான் நடக்குது, திங்கும், தோல் உரிக்கும், மறுபடி திங்கும், இப்படி நாலு நிலை தாண்டித்தான் கூட்டுப்புழு ஆகும். கூட்டுப்புழுவுக்கு சாப்பாடே கிடையாது, புழு சேத்து வச்சதுலதான் வண்டு உருவாகணும். வண்டா வெளிய வந்து மேல்தோடு கெட்டியாயிடுச்சுன்னா அதுக்கப்புறம் தோல் உரிக்கிறதே இல்ல, அதனால அன்னைக்கு என்ன சைஸோ கடைசி வரைக்கும் அதே சைஸ்தான். தோட்டத்துல நல்லா தின்னா வயிறு உப்பும், எடை கொஞ்சம் கூடும், முட்டை உருவாகும், ஆனா உடம்பு பெருசாகாது.

அப்ப ஏன் சின்னதா வந்துச்சுன்னா, புழுவா இருந்தப்ப வயிறு நிறையல. புழு ஒரு குறைஞ்சபட்ச எடையை தாண்டிடுச்சுன்னா அதுக்கு மேல சாப்பாடு கிடைக்கலைன்னாலும் சாகாம கூட்டுப்புழு ஆயிடும், அதுலருந்து வர்ற வண்டு குள்ளமா இருக்கும். அதனால டப்பாவுல எண்ணிக்கை சரியா இருக்கும், உயிரோட ஓடும், பாக்க நல்லாத்தான் இருக்கும், குறை உள்ளுக்குள்ள.

வந்தத தூக்கிப் போட்றாதீங்க. சின்ன வண்டும் மாவுப்பூச்சிய திங்கத்தான் செய்யும். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும், நீங்க விடுற வண்டு திங்கிறது ஒரு பங்குதான், உங்க கொடியில அது வைக்கிற முட்டையிலருந்து வர்ற புழுக்கள் திங்கிறதுதான் பெரும் பங்கு. முட்டை குறைஞ்சா அந்த அடுத்த தலைமுறை குறையும், அங்கதான் உங்களுக்கு நஷ்டம். திராட்சைக்கு கொடிக்கு 10 வண்டுன்னு சிபாரிசு இருக்கு, அது நல்லா வளந்த வண்டுக்கு. சின்னதா வந்திருந்தா அதே எண்ணிக்கையில அதே பலனை எதிர்பாக்க முடியாது, கூடுதலா விடணும், அந்த கூடுதலை குடுத்தவங்ககிட்டயே கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல.

இன்னொண்ணு, கிரிப்டோ புழு பாக்குறதுக்கு அப்படியே மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும், உடம்பெல்லாம் வெள்ளையா மெழுகு நூல். மாவுப்பூச்சிய விட பெருசா, வேகமா நகரும். வேலை செய்யிற ஆளுங்ககிட்ட காட்டி சொல்லிடுங்க, "இன்னும் மாவுப்பூச்சி போகல"ன்னு நினைச்சு அதையே நசுக்கி விட்ட தோட்டமும் இருக்கு, மருந்து அடிச்ச தோட்டமும் இருக்கு.

கேள்வி: நான் பி.எஸ்ஸி. அக்ரி மூணாவது வருஷம் படிக்கிறேன். பெரிய பெண் பூச்சி அதிகமா முட்டை வைக்கும்னு க்ளாஸ்ல சொன்னாங்க. ஏன், எவ்ளோ அதிகம்னு சொல்ல முடியுமா மேடம்?
– மாணவி, கோயம்புத்தூர்

நல்ல கேள்விம்மா. பெண் பூச்சியோட ஓவரிக்குள்ள ஓவரியோல்னு வரிசையா குழாய்கள் இருக்கும். ஒவ்வொரு குழாயிலயும் முட்டை ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா முத்தி வரும். அதனால ஒரு நேரத்துல எத்தனை முட்டை ரெடியாகும்ங்கிறது எத்தனை குழாய் இருக்குங்கிறத பொறுத்தது, ரெண்டு அடுப்பு இருக்கிற தோசைக் கடைக்கும் ஆறு அடுப்பு இருக்கிற கடைக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. பொறிவண்டுகள்ல ஒரே இனத்துக்குள்ளயே பெரிய பெண்ணுக்கு குழாய் கூடவும் சின்ன பெண்ணுக்கு கம்மியாவும் இருக்குறத பாத்திருக்காங்க. இது போக, பெரிய உடம்புல முட்டை வைக்க இடமும் கூட, புழுவுலருந்து கொண்டு வந்த கொழுப்புச் சேமிப்பும் கூட.

எவ்ளோங்கிறதுக்கு, செக் நாட்டு ஆராய்ச்சியாளர் ஆலோயிஸ் ஹோனெக் 1993-ல ஒரு வேலை பண்ணினார், வண்டு, ஈ, நாவாய்ப்பூச்சி, அந்துப்பூச்சின்னு பல வகைப் பூச்சிகள்ல அதுவரை வெளிவந்த கணக்கையெல்லாம் ஒண்ணா சேத்துப் பாத்தார். ஒரே இனத்துக்குள்ள பெண்ணோட உலர் எடை 1% கூடினா முட்டை எண்ணிக்கை சராசரியா 0.95% கூடுதுன்னு வந்துச்சு. அதாவது கிட்டத்தட்ட ஒண்ணுக்கு ஒண்ணு. எடை கால் பங்கு குறைஞ்சா முட்டையும் ஏறக்குறைய கால் பங்கு போயிடும். இனத்துக்கு இனம் இது மாறும், ஆனா பொதுவா இந்த வாட்டத்துலதான் இருக்கு.

இதுல எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் ஒண்ணு சொல்றேன். தாய் சின்னதா இருந்தா பொறிவண்டு முட்டையோட எண்ணிக்கைய குறைக்குமே தவிர முட்டையோட சைஸை அவ்வளவா குறைக்காது. காரணம் யோசிச்சுப் பாருங்க, முட்டையிலருந்து வர்ற குஞ்சுப் புழு முதல் இரைய தானே புடிக்கணும், அசுவினி (செடிச் சாறு உறிஞ்சுற பொடிப் பூச்சி, நிறைய பொறிவண்டுக்கு அதுதான் இரை) உதைச்சுட்டு போயிடும், ரொம்ப சின்னதா பொறந்தா முதல் சாப்பாடே கிடைக்காம செத்துப் போகும். அதனால ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு அளவு முதலீடு போட்டே ஆகணும், கையில இருக்கிறது கம்மின்னா எண்ணிக்கையிலதான் கை வைக்க முடியும்.

ஆனா எக்ஸாமுக்கு எழுதும்போது ஒண்ணு சேத்து எழுதுங்க. உடம்பு சைஸ் சொல்றது வைக்கக்கூடிய முட்டை எவ்வளவுன்னு, வைக்கிற முட்டை எவ்வளவுங்கிறது வண்டானதுக்கு அப்புறம் கிடைக்கிற சாப்பாட்டையும் பொறுத்தது. பெரிய பெண்ண பட்டினி போட்டா உள்ள முத்திட்டு இருக்கிற முட்டையையே உடம்பு திருப்பி உறிஞ்சிக்கும்.

கேள்வி: நாங்க மகளிர் குழுவா சேந்து பரங்கிக்காய்ல மாவுப்பூச்சி ஏத்தி அதுல கிரிப்டோ வளக்குறோம். ஆரம்பத்துல அருமையா வந்துச்சு. இப்ப வர வர வண்டு சின்னதாகுது, எண்ணிக்கையும் கம்மி, முட்டையும் சரியா வைக்க மாட்டேங்குது. காய் அதேதான், கூண்டு அதேதான். எங்க தப்பு நடக்குதுன்னு தெரியல.
– குழு உறுப்பினர், திண்டுக்கல் மாவட்டம்

அக்கா, உங்க கேள்விக்குத்தான் நிறைய எழுதப் போறேன், ஏன்னா இது ஒரு காரணத்துல வர்றதில்ல, நாலஞ்சு சேந்து வரும், ஒண்ணொண்ணா தட்டிப் பாக்கணும்.

முதல்ல பாக்க வேண்டியது, தாய் வண்ட காயோட எவ்வளவு நேரம் விடுறீங்க? சிபாரிசு என்னன்னா மாவுப்பூச்சி நல்லா ஏறின காய்க்கு 100 வண்டு, 24 மணி நேரம், அவ்வளவுதான், அப்புறம் வண்ட எடுத்து அடுத்த காய்க்கு மாத்திடணும். நிறைய இடத்துல ரெண்டு நாள் மூணு நாள் விட்டுடுறாங்க, முட்டை அதிகமா வைக்கட்டுமேன்னு. முட்டை அதிகமாத்தான் விழும், ஆனா காய்ல இருக்கிற மாவுப்பூச்சி அதே அளவுதானே. புழு எல்லாம் மூணாவது நிலை வர்ற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, கடைசி நிலையிலதான் ஒரு புழு திங்கிற மொத்த சாப்பாட்டுல பெரும் பங்கு திங்கும், சரியா அந்த நேரத்துல காய் மொட்டையா இருக்கும். அப்ப ரெண்டு நடக்கும், ஒண்ணு பட்டினி கிடந்து குள்ளமா கூட்டுப்புழு ஆகும், இல்ல ஒண்ண ஒண்ணு திங்கும். நீங்க சொல்ற ரெண்டு அறிகுறியும், சின்ன சைஸ், கம்மி எண்ணிக்கை, இதுக்கு அப்படியே பொருந்துது. ஒரு கூண்டுலருந்து 175 வண்டு வாக்குல வந்தா நல்ல விளைச்சல். 300 எதிர்பாத்து நெருக்கினா 175-ம் வராது, வர்றதும் நல்லா இருக்காது.

ரெண்டாவது காய். காம்போட இருக்கணும், வரிப் பள்ளம் நல்லா ஆழமா இருக்கிற காயா எடுக்கணும், அந்தப் பள்ளத்துலதான் மாவுப்பூச்சி நல்லா ஒட்டும். கார்பன்டசிம்ங்கிற பூஞ்சை மருந்து 0.1% கரைசல்ல நனைச்சு எடுத்து, காயம் பட்ட இடத்துல மெழுகு உருக்கி அடைக்கணும், இல்லைன்னா நடுவுலயே அழுகிடும், காய் அழுகினா மாவுப்பூச்சி சாறு இல்லாம சுருங்கும், அத திங்கிற புழுவும் சுருங்கும். இளம் காய் வாங்கினா கெட்டுப் போகுது, முத்தின காய்தான் மாசக் கணக்குல தாங்கும், வண்டு வெளிய வர்றதுக்கே 30 நாள் கிட்ட ஆகும்ல.

மூணாவது வெக்கை. உங்க பக்கம் ஏப்ரல், மே மாசத்துல ஷீட் போட்ட ரூம்னா சொல்லவே வேணாம். சூடு ஏறினா பூச்சி வேகமா வளரும், ஆனா சின்னதா முடியும், குளிர் ரத்தப் பிராணிகள்ல பெரும்பாலானதுக்கு இந்த விதி பொருந்தும். சீக்கிரம் வண்டு வருதுன்னு சந்தோஷப்படாதீங்க, நாள் மிச்சமான அளவுக்கு உடம்புல குறைஞ்சிருக்கும். 25-லருந்து 27 டிகிரிக்குள்ள வைக்கப் பாருங்க. ஏசி எல்லாம் வேணாம், ஓலைக் கூரை, ஈரச் சாக்கு, ராத்திரி ஜன்னல தொறந்து விடுறது இதுலயே நல்ல வித்தியாசம் தெரியும். ரூம்ல ஒரு சாதாரண தெர்மாமீட்டர் மாட்டி காலையிலயும் மதியமும் நோட்டுல எழுதுங்க, எந்த பேட்ச் சின்னதா வந்துச்சோ அந்த நாள்ல சூடு எப்படி இருந்துச்சுன்னு பின்னாடி பொருத்திப் பாக்கலாம்.

நாலாவது விருந்தாளி. மாவுப்பூச்சிக் காய்ல பொடிப்பொடியா குளவி சுத்துதான்னு பாருங்க. மாவுப்பூச்சிக்குள்ள முட்டை வைக்கிற ஒட்டுண்ணிக் குளவி தோட்டத்துல இருந்தா நமக்கு நண்பன், வளக்குற ரூமுக்குள்ள வந்துட்டா உங்க வண்டோட சாப்பாட்டையே காலி பண்ணிடும். மாவுப்பூச்சி உப்பி, கெட்டியாகி, ஓட்டையோட கிடந்தா அதுதான். மாவுப்பூச்சி வளக்குற ரூமும் வண்டு வளக்குற ரூமும் தனித்தனியா இருக்கணும், ஒரே ஆள் ரெண்டுக்கும் போனா முதல்ல மாவுப்பூச்சி ரூம், அப்புறம்தான் வண்டு ரூம்.

இப்ப முட்டை வைக்காததுக்கு வர்றேன். கிரிப்டோ கண்ட இடத்துல முட்டை போடாது, மாவுப்பூச்சியோட முட்டைப் பை இருக்குல்ல, அந்தப் பஞ்சு, அதுக்குள்ள தேடிப் போய் வைக்கும். அந்த மெழுகு நூல் பட்டாத்தான் அதுக்கு முட்டை வைக்கிற தூண்டுதலே வருது, வேற பூச்சியோட முட்டைய சாப்பாடா குடுத்து நல்லா வளத்த வண்டு கூட அந்தப் பஞ்சு இல்லைன்னா முட்டைய ரொம்ப குறைச்சுடும், அதனாலதான் வெளிநாட்டு ஆராய்ச்சிகள்ல பாலியஸ்டர் பஞ்ச வச்சு ஏமாத்தி முட்டை வாங்கிப் பாத்தாங்க. உங்க காய்ல குஞ்சு மாவுப்பூச்சி மட்டும் இருந்து, பஞ்சு கட்டின பெரிய பெண் பூச்சி இல்லைன்னா, தாய் எவ்ளோ கொழுத்திருந்தாலும் முட்டை விழாது. மாவுப்பூச்சி ஏத்தி 15-20 நாள் கழிச்சு, பஞ்சு நல்லா கட்டினப்புறம் தாய விடுங்க.

தாய் வண்டுக்கும் சாப்பாடு வைக்கணும். வெளிய வந்த வண்ட 10-15 நாள் தனிக் கூண்டுல வச்சு, இணை சேந்து முட்டைக்கு தயாரானப்புறம்தான் காய்க்கு விடணும், தோட்டத்துக்கும் அப்பத்தான் அனுப்பணும். அந்த நாள்ல குடுக்குற தேன் ஜெல்லி இப்படித்தான்: தண்ணி 100 மில்லி, சர்க்கரை 20 கிராம், அகர் அகர் 1 கிராம், இத காய்ச்சி, ஆறினப்புறம் தேன் 40 மில்லி கலந்து, சின்ன பிளாஸ்டிக் அட்டையில பொட்டு பொட்டா வைக்கணும். இது தெம்புக்குத்தான், முட்டைக்கு புரதம் வேணும், அதுக்கு மாவுப்பூச்சியும் சேத்து வைக்கணும்.

கடைசியா, "வர வர"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வார்த்தைதான் எனக்கு உறுத்துது. ஆரம்பிக்கும்போது கொஞ்சமா வண்டு வாங்கி அதுலயே தலைமுறை தலைமுறையா போய்ட்டு இருந்தா சொந்தத்துக்குள்ளயே கலந்து கலந்து வம்சம் தளந்துடும், முட்டை பொரியிறது குறையும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது வெளிய கொய்யா, திராட்சை, எலுமிச்சைத் தோட்டத்துல தானா இருக்கிற கிரிப்டோவ புடிச்சுட்டு வந்து, ஒரு தலைமுறை தனியா வளத்து நோய் ஒட்டுண்ணி எதுவும் இல்லைன்னு பாத்துட்டு, அப்புறம் கலந்து விடுங்க. தாய்க்கு எடுக்கும்போதும் முதல் நாள் வர்ற வண்ட மட்டும் எடுக்காம எல்லா நாள்லயும் வர்றதுல கொஞ்சம் கொஞ்சம் எடுங்க. நல்லத எல்லாம் வித்துட்டு மிச்சத்த தாய்க்கு வைக்கிற பழக்கம் இருந்தா இன்னைக்கே நிறுத்திடுங்க, இது ரொம்ப முக்கியம்.

உங்கள மாதிரி குழுக்கள் இந்த வேலைய தாங்கிப் புடிக்கணும்ங்கிறது என் ஆசை. கலிபோர்னியாவுல நூறு வருஷம் முன்னாடியே உருளைக்கிழங்கு முளையில மாவுப்பூச்சி ஏத்தி இதே வண்ட கூண்டு கூண்டா வளத்து எலுமிச்சைத் தோட்டத்துக்கு அனுப்பினாங்க. நம்ம ஊருக்கு இந்த வண்டு 1898-லயே வந்துடுச்சு, ஆஸ்திரேலியாவுலருந்து, காபிச் செடியில வந்த பச்சைச் செதில் பூச்சிக்காக. அப்படி வந்தது மாவுப்பூச்சிக்கு பேர் வாங்கி தென்னிந்தியாவுலயே குடியேறிடுச்சு, இன்னைக்கு உங்க கூண்டுல இருக்கு.

கேள்வி: கிரிப்டோவுல ஆண் எது பெண் எதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? பெருசா இருக்கிறது எல்லாம் பெண்ணா?
– வாசகர், ஓசூர்

சைஸ வச்சு சொல்லாதீங்க, சராசரியா பெண் கொஞ்சம் பெருசுதான் ஆனா பட்டினி கிடந்த பெண் நல்லா தின்ன ஆண விட சின்னதா இருக்கும். முன்னங்கால பாருங்க. முன்னங்கால் ரெண்டும் ஆரஞ்சு கலந்த பழுப்பா இருந்தா ஆண், எல்லா காலும் கருப்பா இருந்தா பெண். லென்ஸ் இருந்தா சுலபம், பழகினா வெறும் கண்ணுலயே தெரியும்.

கேள்வி: பருத்திக்கு கிரைசோபா (பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி) விடுறோம். இதுலயும் சைஸ் பாக்கணுமா? முட்டையாத்தானே வருது?
– விவசாயி, பெரம்பலூர் மாவட்டம்

முட்டையில பாக்க ஒண்ணும் இல்லைங்க, நூல் காம்பு மேல நிக்கிற அந்த முட்டை பச்சையா இருந்து, பொரியறதுக்கு முன்னாடி சாம்பல் நிறத்துக்கு மாறினா உயிர் இருக்குன்னு அர்த்தம், அது போதும். சைஸ் கவலை வளக்குறவங்களுக்கு.

கிரைசோபா புழு பக்கத்துல இருக்கிற தம்பியையே புடிச்சு திங்கிற ஜாதி, அதனால ஆரம்பத்துல கூட்டமா வச்சாலும் அப்புறம் தனித்தனி அறையில ஒண்ணொண்ணா போட்டு வளக்கணும். சாப்பாடு அரிசி அந்துப்பூச்சி முட்டை, கம்புக் குருணையில வளக்குறாங்களே அந்த கார்சைரா, அந்த முட்டைய புற ஊதா விளக்குல காட்டி பொரியாம பண்ணித்தான் குடுப்பாங்க, இல்லைன்னா அந்துப்புழு வந்து வலை பின்னிடும். இதுல முட்டைய மிச்சம் புடிச்சா கூடு சின்னதாகும், வர்ற பெண்ணும் சின்னதாகும், மேல சொன்ன அதே கதை.

ஆனா கிரைசோபாவுல ஒரு வித்தியாசம் இருக்கு, அத விவசாயிங்க நீங்க தெரிஞ்சுக்கணும். புழு மட்டும்தான் வேட்டைக்காரன். பெரிய பூச்சி, பச்சையா கண்ணாடி இறக்கையோட ராத்திரி லைட்டுக்கு வருமே, அது பூந்தேன், மகரந்தம், அசுவினி விடுற தேன்கழிவு இதுதான் சாப்பிடும். அதனால இதோட முட்டைய தீர்மானிக்கிறதுல பெரியவளோட சாப்பாட்டுக்கு ரொம்ப பெரிய பங்கு. வளக்குற இடத்துல ஈஸ்ட், தேன், புரத மாவுன்னு கலந்து குடுக்குறது அதுக்குத்தான், வெறும் சர்க்கரைத் தண்ணி குடுத்தா உயிரோட இருக்கும், முட்டை சொற்பமாத்தான் வரும். உங்க பருத்தியில பூவே இல்லாத நேரத்துல விட்டா விட்ட புழு தின்னுட்டு பூச்சியா மாறி பறந்து போயிடும், ரெண்டாவது தலைமுறை உங்க காட்டுல நிக்காது. ஓரத்துல மக்காச்சோளம், ஊடால தட்டைப்பயறு, கொஞ்சம் கொத்தமல்லி பூக்க விடுங்க.

கேள்வி: அப்ப எப்பவுமே பெருசா இருக்கிற பூச்சியத்தான் தேர்ந்தெடுக்கணுமா? பெரிய இனமா பாத்து வளத்தா நல்லதா?
– வாசகர், சேலம்

ரெண்டையும் குழப்பிக்கக்கூடாது. ஒரே இனத்துக்குள்ள, நல்லா தின்னு வளந்த பெருசு நல்லது. இனத்துக்கு இனம் ஒப்பிடும்போது அப்படி இல்ல. பெரிய இனப் பொறிவண்டுக்கு தினமும் நிறைய இரை வேணும், இரை அடர்த்தியா இருக்கிற இடத்துலதான் முட்டையே வைக்கும், பூச்சி குறைஞ்சதும் கிளம்பிடும். சின்ன இனத்துக்கு கொஞ்சம் இருந்தாலே போதும், அசுவினி அங்கொண்ணு இங்கொண்ணு இருக்கிற நேரத்துலயும் தங்கி முட்டை வைக்கும். ஸ்கிம்னஸ்னு ரெண்டு மில்லிமீட்டர் வண்டு இருக்கு, பாத்தா பொறிவண்டுன்னே யாரும் சொல்ல மாட்டாங்க, பழுப்பா ஒரு புள்ளி மாதிரி இருக்கும், அதோட புழுவும் வெள்ளை மெழுகோட இருக்கும். தாக்குதல் கம்மியா இருக்கிற காலத்துல அது பண்ற வேலைய பெரிய ஏழு புள்ளி வண்டு பண்ணாது. தானா வந்து தங்குறத காப்பாத்தினாலே போதும்.

ஒரே இனத்துக்குள்ள பெருசு நல்லதுங்கிறதுக்கு வேட்டைக்காரன் இல்லாத ஒரு உதாரணமும் சொல்றேன், கரும்புக்கும் நெல்லுக்கும் அட்டையில கட்டுறோமே டிரைக்கோகிரம்மா, மத்த பூச்சியோட முட்டைக்குள்ள தன் முட்டைய வைக்கிற ஒட்டுண்ணிக் குளவி. ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, அதுலயும் சைஸ் வித்தியாசம் இருக்கு. எந்த முட்டைக்குள்ள வளந்துச்சோ அந்த முட்டை அளவுக்குத்தான் குளவி வளர முடியும். அந்துப்பூச்சியோட பொடி முட்டையில வளக்குறது செலவு கம்மி, 1920-கள்ல கலிபோர்னியாவுல ஸ்டான்லி ஃபிளாண்டர்ஸ் ஆரம்பிச்சு வச்ச வழி அது, இன்னைக்கு வரைக்கும் நிறைய நாடுகள்ல அப்படித்தான் ஓடுது. ஆனா பெரிய முட்டையில வளந்த குளவி பெருசா இருக்கும், அதிகமா முட்டை வைக்கும், அதே கலிபோர்னியாவுல ரிவர்சைட் பல்கலைக்கழக ஆளுங்க 1995-ல வயல்லயே வச்சு பாத்தப்பவும் பெரிய பெண்ணுக்குத்தான் சாதகமா வந்துச்சு. அப்புறம் ஏன் சின்ன முட்டையிலயே வளக்குறாங்கன்னா, விலை. ஒரு ஏக்கருக்கு ஆயிரக்கணக்குல வேணும், எண்ணிக்கைய வச்சு சமாளிச்சுக்கலாம்ங்கிற கணக்கு. டிரைக்கோகிரம்மாவுக்கு அந்த கணக்கு சரியா வருது. கொடிக்கு 10 எண்ணி விடுற கிரிப்டோவுக்கு அது வராதுங்கிறது என் உறுதியான கருத்து.

கேள்வி: பாளையங்கோட்டைப் பக்கம் சிவப்பா ஒரு நாவாய்ப்பூச்சி வளத்து புழுவுக்கு விடலாம்னு கேள்விப்பட்டேன். அதுக்கும் இந்த சைஸ் கணக்கு உண்டா?
– வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

உண்டு. நீங்க சொல்றது ரைனோகோரிஸ், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில ரொம்ப வருஷமா இதுல வேலை பண்றாங்க. இதுக்கு கூட்டுப்புழு கிடையாது, குஞ்சு அஞ்சு நிலை தாண்டி நேரா பெருசாயிடும், கொடுக்கு மாதிரி வாயால புழுவ குத்தி உறிஞ்சும். அந்த அஞ்சு நிலையில வயிறு வாடாம பாத்துக்கிட்டாத்தான் நல்ல பெண் வரும். வளக்க நாள் நிறைய ஆகும், நெருக்கினா ஒண்ண ஒண்ணு குத்திடும், அதனால கிரிப்டோ மாதிரி லட்சக் கணக்குல வளக்குறது கஷ்டம்.

இதே மாதிரி வேட்டை நாவாய்ப்பூச்சிய பெரிய அளவுல வளக்குறது பிரேசில்ல. அங்க யூக்கலிப்டஸ் காடுகள்ல இலை திங்கிற புழுவுக்கு போடிசஸ்னு ஒரு நாவாய்ப்பூச்சி, மீல்வார்ம்னு ஒரு மாவு வண்டோட கூட்டுப்புழுவ சாப்பாடா குடுத்து வளக்குறாங்க. வீசோசா பல்கலைக்கழகத்துல இதோட பெண்கள எடை போட்டு எடை போட்டே நிறைய ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, எடை கூடின பெண் முட்டை கூட வைக்குது. அவங்க கண்ட இன்னொரு விஷயம், இரையோட சேத்து கொஞ்சம் செடியும் வச்சா, அதுலருந்து ஈரமும் சத்தும் உறிஞ்சி இன்னும் நல்லா வளருது. பெல்ஜியத்துல கென்ட் பல்கலைக்கழகத்துல இதே குடும்பத்துப் பூச்சிக்கு இறைச்சிய வச்சு செயற்கை சாப்பாடு பண்ணிப் பாத்தாங்க, உயிர் வாழ்ந்துச்சு, இனமும் பெருகிச்சு, ஆனா எடையும் குறைஞ்சுச்சு முட்டையும் குறைஞ்சுச்சு. செலவைக் குறைக்க சாப்பாட்ட மாத்தினா அது உடம்புல தெரிஞ்சுடுது.

கேள்வி: வாங்கும்போது என்னென்ன கேக்கணும்? எங்களுக்கு லேப் எல்லாம் கிடையாது.
– கொய்யா விவசாயி, திண்டுக்கல் மாவட்டம்

லேப் வேணாம். வந்த டப்பாவுலருந்து 100 வண்ட சின்ன மூடி போட்ட பாட்டில்ல போட்டு நகைக்கடைத் தராசுல எடை போடுங்க, பாட்டில் எடைய கழிச்சுடுங்க. அந்த எடைய தேதியோட எழுதி வைங்க. அடுத்த தடவை அதே மாதிரி பண்ணுங்க. ரெண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருந்தா வாங்கின இடத்துல பேசுங்க, கையில கணக்கு இருந்தா பேச்சே வேற மாதிரி இருக்கும். ஐரோப்பாவுல பூச்சி வித்துக்கிட்டு இருந்த கம்பெனிகளும் விஞ்ஞானிகளும் 1990-கள்ல ஒண்ணா உக்காந்து தர விதிமுறை எழுதினாங்க, எத்தனை முட்டை வைக்குது, ஆண் பெண் விகிதம் என்ன, உயிரோட வெளிய வர்றது எவ்ளோ, பறக்குதா, இப்படி இனத்துக்கு இனம் தனித்தனியா. நம்ம ஊர்லயும் வண்டு விக்கிற ஒவ்வொரு டப்பாவுலயும் வண்டு வெளிய வந்த தேதியும், சோதனை பண்ணின முட்டை அளவும் எழுதணும்னு நான் திரும்பத் திரும்ப சொல்லிட்டுத்தான் இருக்கேன், வாங்குற நீங்களும் கேட்டாத்தான் நடக்கும்.

கேக்க வேண்டியது: வண்டு வந்து எத்தனை நாள் ஆச்சு, இணை சேர விட்டு வச்சிருந்தீங்களா, தாய்ப் பூச்சி கடைசியா எப்ப மாத்தினீங்க. இது மூணுக்கும் பதில் சொல்றவங்ககிட்ட வாங்குங்க.

விடுறதுக்கு முன்னாடி எறும்ப கட்டுப்படுத்துங்க, மாவுப்பூச்சி விடுற தேன்கழிவுக்காக எறும்பு காவல் நிக்கும், வண்டையும் புழுவையும் விரட்டும். மரத்தடியில எறும்புப் புத்த கலைச்சு, மரத்துல படுற கிளை, களை எல்லாம் வெட்டிட்டு சாயங்காலமா விடுங்க. விட்டப்புறம் மருந்து அடிக்காதீங்க, அதுலயும் பூச்சி வளர்ச்சிய தடுக்குற வகை மருந்து "வண்டுக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லி குடுப்பாங்க, பெரிய வண்டு சாகாம சுத்திட்டு இருக்கும்ங்கிறது உண்மைதான், ஆனா புப்ரோஃபெசின், பைரிப்ராக்சிஃபென் மாதிரி மருந்து பட்டா பொறிவண்டு முட்டை பொரியாது, புழு தோல் உரிக்க முடியாம செத்துப் போகும். அப்படி அடிச்சே ஆகணும்னு ஒரு நிலைமை இருந்தா வண்டு விடுறதுக்கு முன்னாடியே, மாவுப்பூச்சி மொய்ச்ச கிளைக்கு மட்டும் அடிச்சுட்டு, மருந்து வீரியம் போனப்புறம் வண்டு ஆர்டர் குடுங்க.